மூன்றாம் இடத்தில் முடிந்த சீசன்: நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டின் முதியவர்கள் 1976–77-ஐ ஏன் மறப்பதில்லை

வியாசர்பாடியைச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கால்பந்து அணி 1979, 1980 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் ஐரோப்பியக் கோப்பையை வென்றிருக்கிறது. அப்படியிருந்தும் அந்த அணியின் வயதான ரசிகர்கள் பேச உட்கார்ந்தால், இரண்டாம் டிவிஷனில் மூன்றாவதாக வந்து மேலே ஏறிய 1976–77 சீசனுக்கே ஏன் திரும்பத் திரும்பப் போகிறார்கள்? அது வயதானவர்களுக்கு வரும் பழைய நினைவின் மயக்கமா, அந்த ஆண்டில் உண்மையிலேயே ஏதேனும் நடந்ததா?

நடந்தது என்பதுதான் என் பதில். கோப்பைகளை உலகமே பார்த்தது. அந்த ஒரு சீசனைப் பார்த்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள் மட்டுமே. அதைவிட முக்கியமாக, அதன் முடிவு கடைசி ஒரு வாரம் அவர்கள் கையிலும் இல்லை, அவர்களுடைய ஆட்டக்காரர்கள் கையிலும் இல்லை. முடிவு தெரியாமல் காத்திருந்த நாட்களைத்தான் மனிதர்கள் மணிக்கணக்காக விவரிக்கிறார்கள் என்பதை நான் நேரில் கேட்டு அறிந்தேன். பெரம்பூரில் வளர்ந்தவனான நான் வேலையின் பொருட்டு 1992 முதல் 1994 வரை நாட்டிங்ஹாமில் வசித்தேன். 1976–77 ஆட்டங்களை நான் பார்த்தவன் அல்லன். ஆனால் அவற்றைப் பார்த்தவர்களின் பக்கத்தில் இரண்டு சீசன்கள் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அந்தக் காலத்து விதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் அவை தெரியாமல் அந்தப் பதற்றம் புரியாது. இங்கிலாந்தில் அப்போது வெற்றிக்கு இரண்டு புள்ளிகளே. மூன்று புள்ளிகள் என்பது 1981-இல்தான் வந்தது. இரண்டாம் டிவிஷனில் 22 அணிகள் 42 ஆட்டங்கள் ஆடி முடித்ததும், முதல் மூன்று இடங்களில் உள்ளவை நேராக மேலே ஏறும். நான்காவதாக வந்த அணிக்கு இன்றுள்ளதைப் போல ‘பிளே ஆஃப்’ என்ற இன்னொரு வாய்ப்பு கிடையாது. மூன்றாம் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் நடுவில் ஒரு புள்ளிதான் இருக்கலாம். அந்த ஒரு புள்ளியில் ஒரு கழகத்தின் அடுத்த பத்தாண்டுகள் அடங்கியிருக்கலாம். அந்த ஆண்டின் இறுதிப் பட்டியல் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு: வுல்வ்ஸ் 57, செல்சி 55, ஃபாரஸ்ட் 52, போல்டன் 51, பிளாக்பூல் 51.

இனி, கதையாகச் சொல்லப்படுவதில் உள்ள ஒரு பிழையைத் திருத்த வேண்டியிருக்கிறது. மேலாளராகப் பிரையன் கிளஃப் வந்தார், மந்திரம் போட்டதுபோல எல்லாம் மாறிவிட்டது என்றுதான் பலர் எழுதுகிறார்கள். கிளஃப் 1975 ஜனவரி 6 அன்று பொறுப்பேற்றபோது ஃபாரஸ்ட் இரண்டாம் டிவிஷனில் 13-ஆம் இடத்தில் இருந்தது. அந்த சீசன் முடிந்தபோது 16-ஆம் இடத்துக்கு இறங்கியிருந்தது. அடுத்த சீசனில் எட்டாம் இடம். டெர்பி அணியைக் கீழ் டிவிஷனிலிருந்து தூக்கி 1972-இல் லீக் பட்டம் வரை கொண்டுபோனவர், பிறகு லீட்ஸில் 44 நாட்களே நீடித்தவர் என்ற பெயரோடு வந்த மனிதருக்கு இது பெருமை சேர்க்கும் கணக்கு அன்று. என்னிடம் பேசிய முதியவர்களில் ஒருவர், ராலே சைக்கிள் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவர், அந்த ஒன்றரை ஆண்டுகளைப் பற்றிச் சொல்லும்போது, நம்பிக்கை என்ற சொல்லையே பயன்படுத்தவில்லை. சனிக்கிழமை போவது பழக்கம், அதனால் போனோம் என்றார்.

மாற்றம் 1976 ஜூலையில் வந்தது. டெர்பியில் கிளஃபுடன் இணைந்து பணியாற்றிய பீட்டர் டெய்லர், பிரைட்டனை விட்டு ஃபாரஸ்டுக்கு வந்து மீண்டும் அவரோடு சேர்ந்துகொண்டார். ஆட்டக்காரர்களை எடைபோடுவதில் டெய்லருக்கு இருந்த கண் கிளஃபுக்கு இல்லை என்பதைக் கிளஃபை உயிராக நேசித்தவர்களே ஒப்புக்கொள்வார்கள். முன்வரிசைக்குப் பீட்டர் வித்தும், தற்காப்பின் நடுவில் மலைபோல நிற்க லாரி லாய்டும் அந்த சீசனில்தான் சேர்ந்தார்கள். ஆனால் அணியின் உயிர்நாடியான பலர் ஏற்கெனவே அங்கேயே இருந்தவர்கள். ஜான் ராபர்ட்சன், மார்ட்டின் ஓ’நீல், விவ் ஆண்டர்சன், டோனி வுட்காக், இயன் போயர் ஆகிய ஐவரும் கிளஃப் வருவதற்கு முன்பே அந்தக் கழகத்தின் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள். வுட்காக்கை அதே 1976-இல் வேறு இரண்டு சிறிய கழகங்களுக்குக் கடனாக அனுப்பியும் வைத்திருந்தார்கள். கண்ணெதிரே இருந்தும் யாரும் பெரிதாக மதிக்காத பையன்கள் ஒரு சீசனுக்குள் வேறு மனிதர்களாக மாறியதைத் தொடர்ந்து பார்த்தவர்கள் அந்த முதியவர்கள். வெளியூரார் அவர்களை முதன்முதலில் பார்த்தபோது அவர்கள் சாம்பியன்கள். மாறிக்கொண்டிருந்த காலத்தை ஊர்க்காரர் மட்டுமே பார்த்தார்கள்.

அந்த டிசம்பரில் ஃபாரஸ்ட் ஒரு சிறிய கோப்பையையும் வென்றது. ஆங்கிலோ ஸ்காட்டிஷ் கோப்பை என்ற அந்தப் போட்டியின் இறுதியில் ஓரியன்ட் அணியை இரண்டு ஆட்டங்களில் மொத்தம் 5–1 என்று வென்றார்கள். பெரிய கழகங்கள் பொருட்படுத்தாத போட்டிதான். கிளஃப் மட்டும் அதைக் கடைசி வரை உயர்வாகவே பேசினார். வெல்வது எப்படியிருக்கும் என்பதையே அறியாதிருந்த ஆட்டக்காரர்களின் நாக்கில் அதன் ருசி முதன்முதலில் பட்டது அப்போதுதான் என்பது அவர் எண்ணம். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

நினைவுகளில் மிகுந்த ஒளியோடு நிற்பது, வியப்பாக, எதுவுமே கண்ணுக்குத் தெரியாத ஓர் இரவு. சவுத்தாம்ப்டனுக்கு எதிரான ஆட்டத்தில் ஃபாரஸ்ட் ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது, ட்ரெண்ட் ஆற்றிலிருந்து எழுந்த மூடுபனி மைதானத்தை மூடிவிட்டது. இரண்டாம் பாதி தொடங்கிச் சிறிது நேரத்திலேயே நடுவர் ஆட்டத்தைக் கைவிட்டார். ஃபாரஸ்டின் மைதானம் அந்த ஆற்றின் கரையிலேயே இருக்கிறது. நம்மூர்க் கிரிக்கெட் ரசிகர்களுக்குத் தெரிந்த ட்ரெண்ட் பிரிட்ஜ் மைதானம் நடந்து போகும் தூரம்; ஆற்றின் எதிர்க்கரையில் நாட்ஸ் கவுன்டி அணியின் மைதானம். பிறகு மீண்டும் ஆடப்பட்ட அந்த ஆட்டத்தில் ஃபாரஸ்ட் 2–1 என்று வென்றது. இறுதிப் பட்டியலில் அவர்களுக்கும் போல்டனுக்கும் இடையே இருந்தது ஒரே ஒரு புள்ளி. அந்த மூடுபனி வராமல் ஃபாரஸ்ட் அன்றிரவு தோற்றிருந்தால் 50 புள்ளிகளோடு ஐந்தாம் இடத்தில் முடித்திருக்கும் என்று எளிதாகக் கணக்குப் போட்டுவிடலாம். எனக்கு இதைச் சொன்ன ராலே தொழிலாளி, எதிர்ப்பக்கக் கோல் கம்பங்கள் முதலில் மறைந்ததையும், பிறகு நடுக்கோடு மறைந்ததையும், கடைசியில் தன் பக்கத்தில் நின்ற மைத்துனரின் சிகரெட் நெருப்பு மட்டும் தெரிந்ததையும் கையால் காட்டிக் காட்டி விவரித்தார். அவர் கை அப்போது சற்று நடுங்கியது. 1979 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் மியூனிக்கில் ட்ரெவர் ஃபிரான்சிஸ் அடித்த கோலைப் பற்றி நான் கேட்டபோது, அதைத் தொலைக்காட்சியில் பார்த்ததாக ஒரே வரியில் முடித்துக்கொண்டார்.

1977 மே 7, சனிக்கிழமை. ஃபாரஸ்டின் கடைசி லீக் ஆட்டம் மில்வாலுக்கு எதிராகச் சொந்த மைதானத்தில் நடந்தது. வெற்றியைத் தந்த ஒரே கோலை ஃபாரஸ்ட் அடிக்கவில்லை. மில்வாலின் ஜான் மூர் போட்ட சேம் சைடு கோல் அது. 1–0. ஃபாரஸ்ட் மூன்றாம் இடத்தில் இருந்தது; ஆனால் போல்டனுக்கு இன்னும் மூன்று ஆட்டங்கள் மீதமிருந்தன. போல்டன் எங்காவது சறுக்கினால் மட்டுமே ஃபாரஸ்ட் மேலே ஏற முடியும். ஆட்டம் முடிந்து மக்கள் வெளியே வந்தபோது ஆரவாரமும் இல்லை, துக்கமும் இல்லை என்று பலரும் ஒரே மாதிரி சொன்னார்கள். கொண்டாடினால் கண்பட்டுவிடும் என்று நம் வீடுகளில் நல்ல செய்தியைச் சில நாட்கள் அடக்கி வைத்திருப்பார்களே, அதைப் போன்ற ஓர் அமைதி என்று நான் புரிந்துகொண்டேன்.

அந்த ஒரு வாரம்தான், தம்பி, உங்கள் கேள்விக்கான விடையின் நடுப்பகுதி. ஓர் ஊர் முழுவதும் வேறோர் ஊரின் அணி தோற்க வேண்டும் என்று ஏழு நாட்கள் நினைத்துக்கொண்டிருந்தது. தன் அணிக்காகக் கத்தலாம், கோஷம் போடலாம், மைதானத்துக்குப் போகலாம். அடுத்தவன் தோல்விக்காக ஒரு ரசிகன் செய்யக்கூடியது எதுவுமில்லை. சிகரெட் தொழிற்சாலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், அந்த வாரம் முழுவதும் ஒரு தாளில் எல்லாச் சாத்தியங்களையும் எழுதி எழுதி அழித்ததாகவும், அந்தத் தாளை இன்னும் வைத்திருப்பதாகவும் சொன்னார். சமப் புள்ளிகள் வந்தால் எந்த அணி முன்னே என்பதை முடிவுசெய்யும் கோல் வித்தியாச முறையும் (அடித்த கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழிப்பது) அந்த சீசனில்தான் இங்கிலாந்தில் அறிமுகமாகியிருந்தது. அதற்கு முன் அடித்த கோலை வாங்கிய கோலால் வகுத்துச் சராசரி பார்ப்பார்கள். ஃபாரஸ்ட் 77 கோல் அடித்து 43 வாங்கியிருந்ததால் அந்தக் கணக்கில் நல்ல நிலையில் இருந்தது. ஆகவே போல்டன் தங்களுக்குச் சமமாக வந்தால்கூடப் பயமில்லை என்பதை அந்தத் தாளில் அவர் கண்டுபிடித்திருந்தார்.

மே 14, சனிக்கிழமை. போல்டன் தன் சொந்த மைதானமான பர்ண்டன் பார்க்கில் வுல்வ்ஸைச் சந்தித்தது. வுல்வ்ஸ் ஏற்கெனவே பட்டத்தை உறுதிசெய்துவிட்ட அணி. அந்த ஆட்டத்தில் வென்றும் தோற்றும் அவர்களுக்கு ஆகவேண்டியது எதுவும் இல்லை. அப்படிப்பட்ட அணி மனம் தளர்ந்து ஆடியிருக்கலாம், கேட்க ஆளில்லை. அவர்கள் அப்படி ஆடவில்லை. வில்லி காரும் கென்னி ஹிபிட்டும் பழகி வைத்திருந்த ஒரு ஃப்ரீ கிக்கிலிருந்து ஹிபிட் கோல் அடித்தார். 1–0. போல்டன் தோற்றதும் ஃபாரஸ்டின் மூன்றாம் இடம் உறுதியாயிற்று. எந்த லாபமும் இல்லாதபோதும் நேர்மையாக ஆடிய அந்த வுல்வ்ஸ் அணியை நாட்டிங்ஹாம் முதியவர்கள் இன்றும் மரியாதையோடு குறிப்பிடுகிறார்கள். போட்டி விளையாட்டில் இதைவிட உயர்ந்த ஒன்றை நான் அதிகம் கண்டதில்லை.

அந்த நேரத்தில் ஃபாரஸ்ட் ஆட்டக்காரர்கள் எங்கே இருந்தார்கள்? சீசன் முடிந்த ஓய்வுக்காக மயோர்க்கா தீவுக்கு விமானத்தில் பறந்துகொண்டிருந்தார்கள். தாங்கள் முதல் டிவிஷனுக்கு ஏறிவிட்ட செய்தி அவர்களை வானத்தில் எட்டியது. ஊரில் கூட்டம் இல்லை, ஊர்வலம் இல்லை, கைகொடுக்க ஓர் ஆட்டக்காரர்கூட இல்லை. ராலே தொழிலாளி தன் காய்கறித் தோட்டத்தில் டிரான்சிஸ்டரை வேலியில் மாட்டிவிட்டு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். முடிவைக் கேட்டதும் பக்கத்துத் தோட்டத்துக்காரர், அதுவரை இவரிடம் வணக்கத்துக்கு மேல் எதுவும் பேசியிராதவர், வேலியைத் தாண்டி வந்து கையைப் பிடித்துக்கொண்டாராம். இருவரும் நெடுநேரம் பேசாமல் நின்றார்களாம். ஓர் ஊரின் பெருமகிழ்ச்சி இப்படி ஆயிரக்கணக்கான வீடுகளிலும் தோட்டங்களிலும் தனித்தனியாக நிகழ்ந்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் அது வேறு வேறு கதை. அதனால்தான் ஒருவர் சொல்லி முடித்ததும் அடுத்தவர் தன்னுடையதைத் தொடங்குகிறார்.

பட்டம் வென்ற அடுத்த ஆண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1978 ஏப்ரல் 22 அன்று கோவென்ட்ரியில் 0–0 என்று முடிந்த ஆட்டத்தில் ஃபாரஸ்ட் லீக் பட்டத்தை உறுதிசெய்தது. அப்போது நான்கு ஆட்டங்கள் இன்னும் மீதமிருந்தன. சீசனின் முடிவில் லிவர்பூலைவிட ஏழு புள்ளிகள் அதிகம். மேலே ஏறிய முதல் ஆண்டிலேயே பட்டம் என்பது மாபெரும் சாதனை, அதில் ஐயமில்லை. ஆனால் கடைசி வாரங்களில் பயம் இல்லை. பயம் இல்லாத இடத்தில் நினைவு ஆழமாக ஊன்றுவதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

நினைவு பிழை செய்யாமலும் இல்லை. பலர் ஏறிய அணியையும் வென்ற அணியையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். பீட்டர் ஷில்டனும் கென்னி பர்ன்ஸும் ஆர்ச்சி ஜெம்மிலும் மேலே ஏறிய பிறகு வந்தவர்கள். ஏறிய சீசனில் கோல்கீப்பராக நின்றவர் இளைஞரான ஜான் மிடில்டன். ஜெம்மிலை டெர்பியிலிருந்து வாங்கியபோது, பணத்தோடு சேர்த்து ஈடாகக் கொடுக்கப்பட்டவர் அவர். 1960-களிலிருந்தே அந்தச் சிவப்புச் சட்டையை அணிந்து, 1972-இல் அணி கீழே இறங்கியபோதும் விட்டுப் போகாமல் நின்ற தற்காப்பு ஆட்டக்காரர் சாமி சாப்மன், ஏற்றம் கிடைத்த அதே கோடையில் ஆற்றின் மறுகரையில் உள்ள நாட்ஸ் கவுன்டிக்குப் போய்விட்டார். ஏணியைத் தாங்கிப் பிடித்தவர்கள் மாடியில் நடந்த விருந்தில் இல்லை. ராலே தொழிலாளி இந்த இருவர் பெயரையும் சொல்லாமல் அந்த ஆண்டைப் பற்றிப் பேசியதே இல்லை. கோப்பைகளின் பட்டியலில் இடம் கிடைக்காதவர்களுக்கு அவரைப் போன்றவர்களின் பேச்சில்தான் இடம் இருக்கிறது.

இந்த நினைவுகளையெல்லாம் நான் கேட்ட காலமும் ஒரு காரணத்தால் தனித்தது. 1993 மே மாதத்தில் ஃபாரஸ்ட் பிரீமியர் லீகின் கடைசி இடத்தில் முடித்துக் கீழே இறங்கியது. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு கிளஃப் ஓய்வு பெற்றார். அவருக்கு அடுத்து மேலாளராக வந்தவர் ஃபிராங்க் கிளார்க். 1976–77 அணியின் தற்காப்பில் ஆடியவர், அதற்கு முன்பு நியூகாசில் கழகம் பணம் எதுவும் கேட்காமல் விட்டுவிட்டவர். அவர் முதல் சீசனிலேயே அணியை மீண்டும் மேலே ஏற்றினார். 1994 ஏப்ரல் 30 அன்று பீட்டர்பரோவில் 0–2 என்று பின்தங்கி, 3–2 என்று வென்ற ஆட்டத்தில் அது உறுதியாயிற்று. அந்த சீசன் முழுவதும் பதினேழு ஆண்டுகளுக்கு முந்தைய சீசனைப் பற்றிய பேச்சு என்னைச் சுற்றி ஓயவே இல்லை. குளிர்கால மாலைகளில் ஆற்றில் பனி எழும்போதெல்லாம், யாராவது ஒருவர் சவுத்தாம்ப்டன் என்று ஆரம்பித்துவிடுவார்.

உங்களைப் போன்ற சென்னை இளைஞர்களுக்கு இது புரியக் கடினமாக இருப்பதற்கு நீங்கள் காரணம் அல்ல. சென்னையின் எஃப்.சி. 2014-இல் தொடங்கப்பட்டபோதே, அதே ஆண்டில் தொடங்கிய ஐ.எஸ்.எல். என்ற இந்தியன் சூப்பர் லீகில் நேரடியாக இடம்பெற்றது. ஏறி வரவேண்டிய படிக்கட்டு அதற்கு இல்லை. படிக்கட்டு தேவைப்பட்ட சென்னை சிட்டி அணியோ, 2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூரில் மினர்வா பஞ்சாபை 3–1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் முந்தி ஐ-லீக் என்ற தேசிய லீகின் பட்டத்தை எடுத்தது. ஆனாலும் அன்று அங்கிருந்து ஐ.எஸ்.எல்.-க்கு ஏற வழி இருக்கவில்லை. அந்த வழி 2023-இல் பஞ்சாப் அணிக்குத்தான் முதன்முதலில் திறந்தது. கோயம்புத்தூரில் அன்று பார்வையாளர் வரிசையில் இருந்தவர்கள் ஒரு கண்ணைத் தங்கள் ஆட்டத்திலும், மறு கண்ணைக் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிய ஆட்டத்திலும் வைத்திருந்தார்கள் அல்லவா? நாட்டிங்ஹாம் முதியவர்களின் அந்த ஒரு வாரத்துக்கு நம் ஊரில் மிக அருகில் வரும் அனுபவம் அதுதான்.

ஃபாரஸ்ட் மீண்டும் 2022 மே 29 அன்று ஏறியது. பிரீமியர் லீகுக்கு வெளியே 23 ஆண்டுகள் கழித்து. வெம்பிளியில் ஹடர்ஸ்ஃபீல்டை 1–0 என்று வென்ற அந்த ஆட்டத்தையும் தீர்த்தது எதிரணி போட்ட சேம் சைடு கோல்தான். நம் நேரப்படி இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கிய ஆட்டத்தைப் பெரம்பூரில் என் வீட்டில் நானும் மகனும் பார்த்தோம். கோல் விழுந்ததும் எனக்கு மில்வாலின் ஜான் மூர் பெயர்தான் வாயில் வந்தது. அது யார் என்று மகன் கேட்டான். அன்றிரவு அவனுக்கு நான் சொன்னதைத்தான் இங்கே உங்களுக்கும் எழுதியிருக்கிறேன்.

ஃபாரஸ்ட் ரசிகரான முதியவர் எவரையாவது நீங்கள் சந்திக்க நேர்ந்தால், ஐரோப்பியக் கோப்பைகளை வென்ற மியூனிக்கைப் பற்றியோ மாட்ரிட்டைப் பற்றியோ கேட்காதீர்கள். 1977 மே 14 மாலை எங்கே இருந்தீர்கள் என்று கேளுங்கள். உங்கள் வியாசர்பாடியிலேயே, சென்னை லீகின் கீழ் டிவிஷனிலிருந்து தங்கள் அணி மேல் டிவிஷனுக்கு ஏறிய ஆண்டை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமும் கோப்பையைப் பற்றிக் கேட்காமல், கடைசி ஆட்டத்தன்று யாருடைய தோல்விக்காகக் காத்திருந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். மாலையில் நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள்.